மன்னார்க் கடல்வாயுவும் குழாய்வழியின் பந்து வால்வும்

மன்னார் என்றதும் மாதோட்டத் துறையும் முத்துச் சலாபமும் கற்றோர் நினைவுக்கு வருதல் இயல்பு. கடல் தன் செல்வத்தைச் சிப்பியினுள் அடைத்து வைத்திருந்தது. மூழ்குவோன் அதனைக் கரைசேர்த்த பின்னரே திறந்தான். இருபத்தோராம் நூற்றாண்டில் அதே கடலின் அடியில் வேறொரு செல்வம் அடைபட்டுக் கிடத்தல் வெளிப்பட்டது. அது இயற்கை வாயு. முத்தோ திறந்த பின்னும் கையில் நிற்கும்; வாயுவோ திறந்த கணமே ஓடிப்போகும் இயல்பினது. ஆதலின் வாயுவை எடுக்கும் கலையிற் பாதி, அதனை வேண்டியபோது அடைக்கும் கலையே எனலாம். அவ்வடைப்புக்கென இந்நாளைய குழாய்வழிகளிற் பெரிதும் பயில்வது பந்து வால்வு என்னுங் கருவி. அதன் அமைப்பும் தொழிலும் குறைகளும், மன்னார்க் கரைக்கு அதனால் விளையும் நன்மையும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

வாயு தேடிய வரலாறு

மன்னாரில் எண்ணெயும் வாயுவும் தேடும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1970களில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத்து நாட்டு வல்லுநரின் உதவியோடு மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் ஆழ்துளைக் கிணறுகளை அகழ்ந்தது. 1981இல் மன்னார் வளைகுடாவில் ‘பேர்ள்-1’ என்னும் கிணறு துளைக்கப்பட்டது. இவற்றால் வணிகப் பயன் விளையவில்லை. 2003ஆம் ஆண்டின் பெற்றோலிய வளச் சட்டத்தின் பின்னர் முயற்சி மீண்டும் உயிர்பெற்றது. 2008இல் கெயான் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்யப்பட்டு, 2011இல் ‘சிக்கியு’ என்னும் யப்பானியத் துளைகப்பல் மன்னார்ப் படுகைக்கு வந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘டொராடோ’, ‘பராக்குடா’ எனப் பெயரிய இரு கிணறுகளில் இயற்கை வாயு காணப்பட்டது. பின்னர் 2015இல் அந்நிறுவனம் அப்பகுதியை விட்டு நீங்கிற்று. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் வாயு இன்னும் கரைசேரவில்லை. சேரும் நாள் வருமாயின், அதனைக் கொணர்வது குழாய். குழாயை ஆள்வது வால்வு.

டொராடோக் கிணறு துளைக்கப்பட்ட இடத்தில் கடலின் ஆழம் ஏறத்தாழ 1,354 மீற்றர். அங்கே கடலடியில் நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 135 மடங்காகும். வாயுவைத் தாங்கிய மணற்கல் அடுக்கோ இன்னும் கீழே, 3,000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உள்ளது. அவ்வளவு நெருக்குண்டு கிடக்கும் பொருள் வழி பெற்றவுடன் பாய்ந்தெழும். அப்பாய்ச்சலைக் கட்டியாளும் கருவியின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பது இதனாற் புலனாகும்.

மதகும் வால்வும்

வால்வு என்னுஞ் சொல் புதிதாயினும் அது குறிக்கும் கருத்து மன்னார் மக்களுக்குப் புதிதன்று. அருவியாற்று நீரைப் பெற்று நெல்வயல்களை ஊட்டும் கட்டுக்கரைக் குளத்தின் மதகும் ஒரு வகை வால்வே. நீரைத் தேக்குவது அணை. தேங்கிய நீரைப் பயனாக்குவது மதகு. மதகற்ற குளம் வறண்ட காலத்தில் உதவாது. மழைக் காலத்திலோ ஊரையே அழிக்கும். இலங்கையின் பண்டைப் பெருங்குளங்களில் அணைக்குள்ளே ‘பிசோகொட்டுவ’ எனப்படும் சதுரக் கிணறு கட்டப்பட்டிருந்தது. இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய என்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில், அக்கிணறு ஐரோப்பியப் பொறியியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கட்டத் தொடங்கிய வால்வுக் கிணறுகளை ஒத்தது என்று வியந்து காட்டினார். பேரமுக்கத்தில் வெளியேறும் நீரை ஓரிடத்தில் நிறுத்தி ஆளுதல் வேண்டும் என்னும் உண்மையை இந்நாட்டுக் குளங்கட்டிகள் முன்பே உணர்ந்திருந்தனர். பொருள் நீராயினும் வாயுவாயினும் அவ்வுண்மை ஒன்றே.

மதகின் பலகை மேலும் கீழும் ஏறி இறங்கும். அதே முறையில் குழாயினுள் ஓர் உலோகத் தகட்டை ஏற்றியிறக்கும் கருவி படலை வால்வு எனப்படும். அதனைத் திறக்கவும் மூடவும் சக்கரத்தைப் பலமுறை சுழற்றல் வேண்டும். அடியில் மணல் தங்கினால் தகடு முழுதும் இறங்காது. மற்றொரு வகையில், ஒரு தட்டு துளையின்மேல் வந்து அமர்ந்து அதனை அடைக்கும். வீட்டு நீர்க்குழாய்த் திருகிற் காண்பது இதுவே. பாய்ச்சலைக் கூட்டவும் குறைக்கவும் அது நன்று. ஆயினும் பொருள் வளைந்து நெளிந்து செல்லவேண்டியிருத்தலின் அமுக்கம் வீணாகும். இவ்விரு குறைகளையும் நீக்க எழுந்ததே பந்து வால்வு.

பந்து வால்வின் அமைப்பு

ஒரு தோடம்பழத்தின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு நேரான துளையிட்டதாகக் கருதுக. துளை குழாயின் போக்கில் நின்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனை காணப்படும். பழத்தைக் காற்சுற்று, அதாவது 90 பாகை, திருப்பினால் துளை குறுக்கே நின்று தோல் வழியை மறைக்கும். பந்து வால்வின் தத்துவம் இவ்வளவே. மெருகேற்றிய உலோகக் கோளம் ஒன்று உறையினுள் இருக்கும். அதன் இருபுறத்தும் வளையம்போன்ற இருக்கைகள் அதனைத் தழுவி நிற்கும். மேலிருந்து வரும் தண்டு கோளத்தைத் திருப்பும். தண்டின் கைப்பிடி குழாயின் போக்கில் நின்றால் வால்வு திறந்துள்ளது. குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியுள்ளது. தொலைவிலிருந்தே நிலையை அறிய முடிதல் நெருக்கடி வேளையிற் பெரும்பயன் தருவதாகும்.

இத்தத்துவம் எளிதாயினும் கருவி சிறப்புற்றது பிற்காலத்திலேயாம். உலோகத்தோடு உலோகம் உராயின் சிறு கீறலும் கசிவுக்கு வழியாகும். 1938இல் அமெரிக்க இரசாயன அறிஞர் றோய் பிளங்கெற்று தற்செயலாகக் கண்ட ஒரு பொருள் இத்தடையை நீக்கிற்று. அதுவே டெப்லான். பெரும்பாலான இரசாயனப் பொருள்களால் அது தாக்குண்ணாது; வழுவழுப்பானது; அழுத்தினால் சற்றே இணங்கிப் பொருந்துவது. அப்பொருளால் இருக்கை செய்த பந்து வால்வுகள் 1950களில் தொழிற்சாலைகளிற் பரவின.

கோளத்தின் துளை குழாயின் உள்விட்டத்துக்குச் சமமாயின் அது முழுத்துளை வால்வு எனப்படும். அது திறந்திருக்கையில் குழாயின் ஒரு துண்டுபோலவே நிற்றலால் அமுக்க இழப்பு மிகச் சிறிது. குழாயின் உட்புறத்தைத் துடைக்கவும் அரிப்பைச் சோதிக்கவும் அனுப்பப்படும் கருவிகள் அதனூடே தடையின்றிச் செல்லும். நெடுந்தொலை வாயுக்குழாய்கள் முழுத்துளை வால்வை விரும்புதற்கு இதுவே காரணம்.

அமுக்கத்தின் கணக்கு

சிறு வால்வுகளிற் கோளம் இரு இருக்கைகளுக்கிடையே மிதந்து நிற்கும். மூடியபோது வாயுவின் அமுக்கமே அதனை மறுபுறத்து இருக்கையோடு அழுத்தி அடைப்பை இறுக்கும். பகையின் வலிமையையே துணையாக்கும் உத்தி இது. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. உள்விட்டம் 30 சென்றிமீற்றரும், அமுக்கம் சதுர சென்றிமீற்றருக்கு 70 கிலோகிராம் நிறையும் உள்ள குழாயை எடுத்துக்கொள்க. துளையின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர சென்றிமீற்றர். அதன்மீது ஏறும் விசை ஏறத்தாழ 50 தொன் நிறைக்குச் சமம். விட்டம் இரட்டித்தால் விசை நான்மடங்காகி 200 தொன்னை அணுகும். இவ்விசை முழுவதும் மெல்லிய இருக்கையின்மேல் விழுமாயின் அது நசியும். கோளத்தைத் திருப்புதலும் அரிதாகும். ஆதலின் பெரிய வால்வுகளில் கோளத்தின் மேலும் கீழும் அச்சுகள் பொருத்தப்படும். விசையை அச்சுகள் ஏற்கும். கோளம் இடம் பெயராது. விற்சுருள்களால் உந்தப்பெற்ற இருக்கைகள் அதனை நாடிவந்து தொடும். இரு இருக்கைகளுக்கும் இடையிலுள்ள வெளியை ஒரு சிறு வடிகுழாயாற் திறந்து பார்த்து, அடைப்பு உண்மையானதா என்று அறியவும் இவ்வமைப்பு இடந்தரும்.

வெப்பமும் தீயும்

குளிர்நாட்டு நகரங்களில் ஓரிடத்திற் காய்ச்சிய வெந்நீரை நிலத்தடிக் குழாய்களால் வீடுதோறும் அனுப்பி அறைகளைச் சூடேற்றுவர். அக்குழாய்களிலும் பந்து வால்வு பயில்கின்றது. மன்னாரின் வெயிலில் அத்தேவை இல்லை. எனினும் வெப்பம் கற்பிக்கும் பாடம் எங்கும் ஒன்றே. டெப்லான் 200 பாகைச் சதமவளவை அணுகுகையில் வலிமை குன்றும். ஆதலின் உயர்வெப்ப நீராவிக்கு உலோக இருக்கையே தக்கது. மேலும், மூடிய வால்வின் கோளத்தைச் சூழ்ந்த வெளியிற் சிக்கிய நீர் சூடேறினால் விரிவதற்கு இடமின்றி உறையையே பிளக்கக்கூடும். அதற்கெனத் தனி விடுவழி அமைத்தல் வேண்டும்.

வாயுக்குழாயில் அச்சம் வேறு வகையது. புறத்தே தீப்பற்றினால் மெல்லிருக்கை உருகி எரியும். அவ்வேளையிலேதான் அடைப்பு மிகவும் தேவை. எனவே தீக்காப்பு வால்வுகளில் மெல்லிருக்கையின் பின்னே ஓர் உலோக விளிம்பு அமைந்திருக்கும். இருக்கை எரிந்தபின் கோளம் அவ்விளிம்பிற் சென்று பொருந்தும். இத்தகைய வால்வுகளை மெய்யாகவே தீயிலிட்டுச் சோதிப்பது வழக்கம்.

குறைகள்

எக்கருவியும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது. பந்து வால்வைப் பாதி திறந்து வைத்துப் பாய்ச்சலைக் குறைத்தல் தவறு. குறுகிய வழியில் விரைந்தோடும் பொருள் இருக்கையின் ஒரு பக்கத்தை அரிக்கும். பின்னர் முழுதும் மூடியபோதும் கசிவு நிற்காது. திறப்பதற்கும் மூடுவதற்குமே அது உரியது.

விரைவாக மூடுதலும் சிலபோது தீங்காம். நீர்க்குழாயில் ஓட்டத்தைச் சடுதியாக நிறுத்தினால் எழும் அமுக்க அலையை ருசிய அறிஞர் யூக்கோவ்ஸ்கி 1890களின் இறுதியில் மொஸ்கோ நீர்க்குழாய்களில் ஆராய்ந்து கணக்கிட்டார். செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரை உடனே நிறுத்தினால், குழாயில் அலை செக்கனுக்கு 1,200 மீற்றர் செல்லுமெனக் கொண்டால், சதுர சென்றிமீற்றருக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் நிறை அமுக்கம் புதிதாக ஏறும். குழாயின் நீளம் 6 கிலோமீற்றராயின் அலை சென்று மீள 10 செக்கன் வேண்டும். அதனினும் மெதுவாக மூடினாலன்றி அமுக்கம் தணியாது. வாயுவின் அடர்த்தி குறைவாதலின் அங்கே இத்தொல்லை சிறிது. பெரிய நீர்க்குழாய்களிற் பற்சக்கரங்களைக்கொண்டு வால்வை மெல்லத் திருப்புதற்குக் காரணம் இதுவேயாம்.

ஆழ்கடலுக்குரிய தொல்லை ஒன்றும் உண்டு. உயர் அமுக்கத்திலும் தாழ் வெப்பநிலையிலும் மெதேன் வாயு நீரோடு கூடிப் பனிக்கட்டி போன்ற திண்மமாக உறையும். மன்னார்ப் படுகையின் ஆழத்தில் இவ்விரு நிலைமைகளும் ஒருங்கே உள்ளன. அத்திண்மம் குழாயை அடைக்கும். வால்வின் அசைவையும் தடுக்கும். அதனைத் தவிர்க்க மெதனோல் முதலிய பொருள்களைக் குழாயினுட் செலுத்துவர். அடைக்க வேண்டியது வால்வு; வாயு தானே அடைத்துக்கொள்ளுதல் கேடு.

அடையாத வழியின் விளைவு

வடகடலில் ‘பைப்பர் ஆல்பா’ என்னும் எண்ணெய் மேடையில் 1988 யூலை 6ஆம் நாள் நிகழ்ந்த தீயில் 167 பேர் மாண்டனர். பழுதுபார்த்தற்காக ஒரு பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. அவ்விடத்தை மூடிய தகடு இறுக்கமாக இருக்கவில்லை. இரவுப் பணியாளர் அதனை அறியாது எக்கியை இயக்கினர். முதல் வெடிப்பின் பின் அயல் மேடைகளோடு இணைந்த வாயுக்குழாய்களும் வெடித்தன. அவற்றினுட் கிடந்த வாயுவெல்லாம் தீயை வளர்த்தது. விசாரணை நடத்திய கல்லன் பிரபுவின் அறிக்கை 1990இல் வெளிவந்தது. கருவியின் வலிமையோடு, பணிமாறுங்கால் ஒருவர் மற்றவருக்குச் செய்தியைச் செவ்வனே ஒப்படைக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பது அந்நிகழ்ச்சியின் படிப்பினை.

தமிழகத்துக்கு வடக்கே, ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கழிமுகத்தில், நகரம் என்னும் ஊரில் 2014 யூன் 27ஆம் நாள் வைகறையில் வாயுக்குழாய் கசிந்து தீப்பற்றியது. உறங்கிக்கொண்டிருந்த ஊரார் பலர் உயிரிழந்தனர். குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் குழாய்க்கு, குடியற்ற வெளியிற் செல்லும் குழாயினும் மிகுந்த காவல் வேண்டும். அமெரிக்க நெறிகளில், மக்கள் அருகிய நிலத்தில் 20 மைலுக்கு ஒரு வால்வு போதும் எனவும், மக்கள் நெருங்கிய நகரில் 5 மைலுக்கு ஒன்றேனும் வேண்டும் எனவும் வகுத்தது இக்கருத்துப் பற்றியேயாம். குழாய் உடைந்தால் இரு வால்வுகளுக்கு இடைப்பட்ட வாயு மட்டுமே வெளியேறும். இடைவெளி குறையக் குறைய இழப்பும் குறையும்.

மன்னார்க் கரையில் மீன்பிடித்து வாழ்வோர் பேசாலையிலும் வங்காலையிலும் தலைமன்னாரிலும் பலர். வாயுக்குழாய் ஒரு நாள் கரையேறுமாயின் அவர்தம் வலைப்பாட்டின் அருகே, வாடிகளின் அருகே அது செல்லக்கூடும். அந்நாளில் அவர்கள் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள. எத்தனை தூரத்துக்கு ஒரு வால்வு? தீயில் அது தாங்குமா? யார் அதனைத் திருப்பிச் சோதிப்பார், ஆண்டுக்கு எத்தனை முறை? ஏனெனில், பல்லாண்டு திருப்பப்படாத வால்வு உப்புக்காற்றில் இறுகி, வேண்டும் வேளையில் அசைய மறுக்கும். இவ்வினாக்களைக் கேட்டற்கும் விடையை ஆராய்தற்கும் அறிவு வேண்டும். அவ்வறிவு பௌதிகமும் இரசாயனமும் கற்கும் மாணவரிடத்தே தோன்றுதல் வேண்டும்.

கட்டுக்கரைக் குளத்தின் மதகை யார் எப்போது திறப்பது என்பது உழவர் கூடி ஒழுங்குசெய்யும் பொதுக் காரியம். கடல்வாயுவின் வால்வும் அவ்வாறே பொதுமக்கள் அறிவுக்கு உட்பட்டதாதல் நன்று. நிலத்தடிச் செல்வம் ஒரு நாட்டுக்கு ஆக்கமாவதும் கேடாவதும் அதனைத் திறக்கும் கையினும் அடைக்கும் கையையே பெரிதும் சார்ந்துள்ளது.