வரி போதும், பெயர் எதற்கு?

மாசச்சூசெட்ஸின் வட எல்லையில் குடியிருப்பவர்கள் டயர் மாற்றவும் மெத்தை வாங்கவும் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போவது பழைய வழக்கம். அமெரிக்காவில் மாநில அளவில் விற்பனை வரியே இல்லாத ஐந்து மாநிலங்களில் அதுவும் ஒன்று. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை நம் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும், அவற்றின் முன்னால் லாரி வரிசையும் இருந்தன. கடையில் வாங்கிய பொருளுக்கு வரி வாங்க அப்படி ஒரு சாவடி அங்கே கிடையாது.

ஆனால் சட்டத்தில் வரி உண்டு. வெளி மாநிலத்தில் வரி கட்டாமல் வாங்கியதைச் சொந்த மாநிலத்தில் பயன்படுத்தினால், வாங்கியவரே கணக்குக் காட்டி ‘பயன்பாட்டு வரி’ கட்ட வேண்டும். அப்படி வரி போடுவது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1937இலேயே சொல்லிவிட்டது. கார், படகு போலப் பதிவு செய்தாக வேண்டிய பொருளுக்கு இந்த வரி வசூலானது. மற்றவற்றுக்குத் தானாக முன்வந்து கட்டியவர்கள் மிகச் சிலரே.

விற்றவர் எல்லைக்கு அப்பால் இருக்கிறார், அவரைப் பிடிக்க முடியாது. ஆகவே அரசின் கண் வாங்கியவர்மேல் திரும்பியது. அமெரிக்காவில் இந்த வரியின் கதை முழுக்க இப்படியே நடந்திருக்கிறது. விற்பவரிடம் கை எட்டாத ஒவ்வொரு முறையும் வாங்குபவரின் அந்தரங்கம்தான் அடிபட்டது. மதுவும் சிகரெட்டும் விற்கும் எல்லையோரக் கடைகளின் வாகன நிறுத்தத்தில் அண்டை மாநில அதிகாரிகள் காத்திருந்து நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்ட காலம் உண்டு. சிகரெட்டுக்கு இன்னும் கடுமையான ஏற்பாடு இருந்தது. 1949இன் ஜென்கின்ஸ் சட்டப்படி, வெளி மாநிலத்துக்கு சிகரெட் அனுப்பும் வியாபாரி, வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் அளவையும் அந்த மாநில வரித்துறைக்கு மாதாமாதம் எழுதித் தர வேண்டும்.

டயர் விவகாரம் 2009இல் மாசச்சூசெட்ஸின் உச்ச நீதிமன்றம்வரை போனது. டவுன் ஃபேர் டயர் நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களிலும் கடைகள் இருந்தன. நியூ ஹாம்ப்ஷயர் கடைகளுக்கு வந்த மாசச்சூசெட்ஸ்காரர்களிடமும் வரி வசூலித்திருக்க வேண்டும் என்றது மாசச்சூசெட்ஸ் வரித்துறை. டயரைக் கடையிலேயே வண்டியில் மாட்டிவிடுகிறார்கள், வண்டி எந்த மாநிலத்தது என்று கடைக்காரருக்குத் தெரியாதா என்பது வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த டயர்கள் மாசச்சூசெட்ஸில் ஓடின என்பதற்கு ஆதாரம் வேண்டும், ஊகம் போதாது என்றது. அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரும் தன் பங்குக்குச் சட்டம் இயற்றியது. இத்தகைய வரிக்காக வெளி மாநிலம் வாடிக்கையாளர் விவரம் கேட்டால், கடைக்காரர் முதலில் தன் மாநில அட்டர்னி ஜெனரலுக்குச் சொல்ல வேண்டும்.

இதை வைத்து வரித்துறையை வில்லனாக்கிவிடக் கூடாது. டைக்கோ நிறுவனத் தலைவராக இருந்த டெனிஸ் கோஸ்லாவ்ஸ்கிமீது 2002 ஜூனில் நியூயார்க்கில் வழக்குப் பதிவானது. கோடிக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய ஓவியங்கள் மன்ஹாட்டன் வீட்டுக்குப் போக, நியூ ஹாம்ப்ஷயருக்கு வெறும் பெட்டிகள் போயின என்பது குற்றச்சாட்டு. ஏய்த்ததாகச் சொல்லப்பட்ட விற்பனை வரி மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல். இப்படிப் போகும் பணம் பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம். அதைத் தேடுவது அரசின் கடமை. யாரிடம், எதைக் கேட்டுத் தேடுவது என்பதுதான் கேள்வி.

தபால் வணிகம் வளர்ந்ததும் இந்தக் கேள்வி பெரிதானது. 1967இல் நேஷனல் பெல்லஸ் ஹெஸ் என்ற விலைப்பட்டியல் வியாபார நிறுவனத்தின் வழக்கிலும், 1992இல் குவில் என்ற அலுவலகப் பொருள் நிறுவனத்தின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒரே பதிலைச் சொன்னது. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத விற்பனையாளரை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது. இணையக் கடைகள் இந்தப் பாதுகாப்பிலேயே வளர்ந்தன.

வட கரோலினா பொறுமை இழந்தது. 2003 முதல் அந்த மாநில முகவரிகளுக்கு அமேசான் அனுப்பிய எல்லா விற்பனை விவரங்களையும் 2009 டிசம்பரில் கேட்டது. ஏறத்தாழ 5 கோடி கொள்முதல்கள். எந்தப் பொருள் எந்த ஊருக்குப் போனது என்பதைப் பொருள் குறியீட்டோடு அமேசான் கொடுத்தது; பெயரை மட்டும் கொடுக்கவில்லை. குறியீட்டைத் தேடிப் பார்த்தால் புத்தகத்தின் தலைப்பு வந்துவிடும். அதனுடன் பெயரையும் சேர்த்துவிட்டால், ஒரு மாநிலமே ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக என்ன படித்தது, என்ன படம் பார்த்தது என்ற பட்டியல் வரித்துறையின் கையில் இருக்கும். விவாகரத்து பற்றிப் படித்தவர், மனநோய் பற்றிப் படித்தவர், குடியை விட வழி தேடியவர் எல்லோரும் அதில் வருவார்கள். அமேசான் வழக்குத் தொடுத்தது; அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் வாடிக்கையாளர்கள் சிலரின் சார்பில் அதில் சேர்ந்தது.

சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி மார்ஷா பெக்மன் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்தார். இந்தக் கோரிக்கை கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது, காணொளித் தனியுரிமைச் சட்டத்துக்கும் எதிரானது. அந்தச் சட்டம் 1988இல் பிறந்த கதை தனி. உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்டிருந்த ராபர்ட் போர்க் எந்தெந்த வீடியோவை வாடகைக்கு எடுத்தார் என்று ஒரு பத்திரிகை முந்தைய ஆண்டு வெளியிட்டுவிட, கட்சி பாராமல் அரசியல்வாதிகள் பதறிப்போய் இயற்றிய சட்டம் அது. வட கரோலினா வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வரி கணக்கிடப் புத்தகத்தின் தலைப்பு தேவையில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. தேவையில்லாததை ஏன் கேட்க வேண்டும்?

கொலராடோவின் 2010 சட்டம் ஓரளவு கவனமாக இருந்தது. வரி வசூலிக்காத வெளி மாநில விற்பனையாளர், 500 டாலருக்கு மேல் வாங்கியவருக்கு ஆண்டுதோறும் கணக்கு அனுப்ப வேண்டும். அரசுக்குப் பெயர், முகவரி, மொத்தத் தொகை போதும். வாங்கிய பொருளைச் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரே வகைப் பொருள் விற்கும் கடையாக இருந்தால், கடையின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடும். பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2017 ஜூலையில்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அதற்கு அடுத்த ஆண்டே எல்லாம் மாறிவிட்டது. 2018 ஜூன் 21 அன்று வேஃபேர் என்ற இணையக் கடைமீது தெற்கு டகோட்டா தொடுத்த வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தன் பழைய விதியைக் கைவிட்டது. மாநிலத்துக்குள் கால் பதிக்காவிட்டாலும், ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேலோ 200 முறையோ விற்றால் வசூலித்துத் தர வேண்டும் என்ற தெற்கு டகோட்டாவின் அளவுகோலைப் பல மாநிலங்கள் பின்பற்றின. பெரிய சந்தைத் தளங்கள் தம்மிடம் விற்கும் சிறு வியாபாரிகளுக்காகவும் வசூலிக்க வேண்டும் என்ற சட்டங்களும் வந்தன. இன்று வட கரோலினாவில் ஒருவர் மனநோய் பற்றிய புத்தகம் வாங்கினால், அதன் வரி மொத்தத் தொகையில் கரைந்து அரசுக்குப் போகிறது. பெயர் போவதில்லை. தனியுரிமையை விரும்புகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கொண்டாட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பாரம் இடம் மாறியிருக்கிறது. அமெரிக்காவில் விற்பனை வரி விதிக்கும் எல்லைகள் 10,000க்கு மேல். ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் இரண்டு வரி விகிதங்கள் இருக்கலாம், ஆகவே தெருவும் கதவு எண்ணும் வேண்டும். மின்னூல் வாங்க ஒரு மின்னஞ்சல் முகவரி போதும் என்றிருந்தது. அதற்கு வரி உள்ள மாநிலங்களில் இப்போது நீங்கள் இருக்கும் இடத்தையும் கடை அறிந்தாக வேண்டும். பல கடைகள் வரியைக் கணக்கிடும் வேலையை வேறொரு மென்பொருள் நிறுவனத்திடம் விட்டிருப்பதால், முகவரியும் பொருளின் வகையும் அங்கேயும் போகின்றன. வேஃபேர் தீர்ப்பில் மாறுபட்ட தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஓர் உதாரணம் காட்டினார்: நியூ ஜெர்சியில் கலைப்பொருள் செய்ய நூல் வாங்கினால் வரி உண்டு, ஸ்வெட்டர் பின்ன வாங்கினால் இல்லை. சிறு கடைக்காரரின் சிரமத்தைச் சொல்ல அவர் இதைக் காட்டினார். எனக்கோ வாங்குபவரின் நினைப்புதான் வருகிறது. நூலை வைத்து வீட்டில் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்காமல் அந்த வரியைப் போட முடியாது.

பெக்மன் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும், கடையை அல்ல. அரசுக்குக் கிடைக்காத அந்தப் பட்டியல் கடையிடம் முழுசாக இருக்கிறது, தணிக்கை வந்தால் காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் இருந்தாக வேண்டும். 2020 முதல் கலிஃபோர்னியாவில், தன்னைப் பற்றிய தகவலை அழித்துவிடும்படி பெரிய நிறுவனங்களிடம் வாடிக்கையாளர் கேட்கலாம். சட்டக் கடமைக்காக வைத்திருக்கும் பதிவுக்கு அதில் விலக்கு உண்டு, வரிக் கணக்கும் அந்த விலக்குக்குள்தான் வருகிறது. தொகை, தேதி, வரி விகிதம், வரி எல்லை ஆகிய நான்கை வைத்துக்கொண்டு தலைப்பையும் கதவு எண்ணையும் அழித்துவிடலாம் என்று மாநிலங்கள் விதி எழுத வேண்டும்.