சோற்றுக் கணக்கும் வேலைக் கணக்கும்

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் ஒரு வாரம் முழுவதும் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வேலை நாட்களில் விடியுமுன் எழுந்து, ஒரு குவளை தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் வாயில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஓட்டம். காலை முழுதும் காட்டில் பாடு. பசியாற நேரம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதையே வேறு. காலையில் ரொட்டி சானாய், மதியம் கோழிக் குழம்போடு தட்டு நிறையச் சோறு, அதன்மேல் ஒரு நல்ல தூக்கம், மாலையில் டின்பால் ஊற்றிய தேநீர். உடம்பு உழைக்கிற நாளில் அரை வயிறு, உடம்பு படுத்திருக்கிற நாளில் முழு வயிறு. இன்று நாம் பேசப் போவது இந்தத் தலைகீழ்க் கணக்கைப் பற்றித்தான்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. அண்மைக் காலமாக நம் இளைஞர்கள் உடற்பயிற்சி நிலையங்களுக்குப் போய் வந்து, ஒரு நாள் "அம்மா, எனக்குச் சோறே வேண்டாம்" என்கிறார்கள். மறுநாள் இரண்டு தட்டு கேட்கிறார்கள். தாய்மார்களுக்குக் கவலை. பிள்ளைக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மாவுச்சத்தைச் சில நாட்கள் கூட்டியும் சில நாட்கள் குறைத்தும் உண்டால் உடம்பில் கொழுப்பு குறைந்து தசை கூடும் என்று ஒரு முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. அதைத்தான் அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். அதில் எது மெய், எது மிகை என்று பார்ப்போம்.

சோறு, ரொட்டி, மீ, மரவள்ளிக் கிழங்கு, சீனி இவையெல்லாம் மாவுச்சத்து. வயிற்றில் இவை சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அப்போதைய தேவைக்குப் போக மீந்ததை உடம்பு கிளைக்கோஜன் என்ற பொருளாக்கிச் சேமித்து வைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். இந்தச் சேமிப்பறை சிறியது. அது நிறைந்த பிறகும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால், மிச்சமெல்லாம் இறுதியில் கொழுப்பாகவே தங்கும். கொழுப்பறைக்கோ எல்லை என்பதே இல்லை.

இந்தச் சேமிப்பறையைப் பற்றி 1966ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற இருவர் ஓர் அழகான சோதனை செய்தார்கள். ஒரே மிதிவண்டிக்கு இரண்டு பக்கமும் இருவரும் அமர்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைத்துப் போகும்வரை மிதித்தார்கள். மற்றக் கால் சும்மா இருந்தது. பிறகு மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டார்கள். தொடைத் தசையில் ஊசியால் துளி எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைக்கோஜன் வெகுவாக ஏறியிருந்தது. சும்மா இருந்த காலில் அந்த அளவு ஏறவே இல்லை. ஒரே மனிதர், ஒரே சோறு, இரண்டு கால்களுக்கு இரண்டு விதமான பலன்! வேலை செய்த தசைதான் சோற்றை வாங்கி வைத்துக்கொள்கிறது. விளையாட்டு வீரர்களின் உணவு முறைகள் பலவும் இந்தச் சோதனைக்குப் பிறகே வளர்ந்தன. நாள் மாற்றி உண்ணும் இந்த முறையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். நான்கு நாள் சோற்றை நிறுத்தினால் சேமிப்பும் தண்ணீரும் சேர்ந்து வெளியேறி, எடை இரண்டு கிலோவரை இறங்கலாம். கொழுப்பு கரைந்துவிட்டது என்று பிள்ளை துள்ளுவான். ஐந்தாம் நாள் சோறு உண்டதும் அந்த எடை திரும்பி வந்துவிடும். நிறுவைக் கல்லை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாற வேண்டியிருக்கும்.

சரி, நாள் மாற்றிக் குறைப்பதால் பலன் உண்டா? இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 115 பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் மாவுச்சத்தையும் மொத்த உணவையும் நன்றாகக் குறைத்தவர்களுக்கு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் அது சில மாதச் சோதனை. 2018இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேரை ஓராண்டு கவனித்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே இதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. மொத்தத்தில் எவ்வளவு உண்கிறோம், எவ்வளவு உழைக்கிறோம் என்பதுதான் முதல் கணக்கு. எந்த நாளில் எவ்வளவு என்பது அதற்கு அடுத்தது.

அப்படியானால் நமக்கு ஏன் இந்தப் பேச்சு? நம் உடல்வாகு அப்படி. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் உடம்பையே அளந்து 2004இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. பார்வைக்கு இருவரும் ஒல்லி. ஆனால் உடம்பில் கொழுப்பு இலண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2 விழுக்காடு! யுட்கின் நெடுந்தூர ஓட்டக்காரர். யாஜ்னிக்கோ மருத்துவமனையில் மின்தூக்கியின் கதவு மூடுமுன் ஓடிப் பிடிப்பதுதான் தம் பெரிய பயிற்சி என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார். கையும் காலும் குச்சியாக இருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்பு குடியேறுவது இந்தியர்களிடம் அதிகம். "நான் ஒல்லிதானே, எனக்கு எங்கே இனிப்பு நீர் வரப்போகிறது" என்று இருந்துவிடக் கூடாது.

மலேசியாவில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய பத்தில் மூவர். சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நீரிழிவால் அங்கே போய்ச் சேர்ந்தவர்களே. நம் தாத்தாவும் பாட்டியும் இதைவிடக் கூடுதலாகவே சோறு உண்டார்களே என்று கேட்பீர்கள். உண்டார்கள். பால் வாளியைச் சுமந்து மேடும் பள்ளமும் நடந்தார்கள், விறகு வெட்டினார்கள், தண்ணீர் தூக்கினார்கள். இன்று பெர்த்தாம் தோட்டம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள். 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கிய காலந்தொட்டு எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போனார்கள். நம் ஆண்கள் பலர் லாரி ஓட்டுகிறார்கள், காவல் வேலை பார்க்கிறார்கள். வேலை மாறியது, தட்டில் குவிக்கிற சோறு மாறவில்லை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளையரிசிப் பக்கம் பலரைப் பெரிபெரி நோய் பிடித்தது; புழுங்கலரிசிப் பக்கம் அது பரவவில்லை. தமிழ்த் தொழிலாளர்களிடையே பெரிபெரி அரிதாக இருந்ததற்கு அவர்கள் உண்ட புழுங்கலரிசிதான் காரணம் என்று அந்நாளைய மருத்துவர்கள் கண்டார்கள். கடையில் அது கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் புழுங்கல் என்பதற்காக இரண்டு தட்டு போடலாம் என்று பொருள் அல்ல.

இனி வீட்டில் செய்யக் கூடியது. சுமார் 100 கிராம் சோறு பிடிக்கிற சிறிய கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மாவுச்சத்து சுமார் 30 கிராம். அந்தக் கிண்ணத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை அறுக்கிற, உரம் போடுகிற நாளில் இரண்டு மூன்று கிண்ணம் சோறு உண்பதில் தவறில்லை. அதைவிட முக்கியம், அன்று காலை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். தோசையும் ஒரு முட்டையுமாவது உள்ளே போகட்டும். ஓய்வு நாளில் ஒரு கிண்ணத்தோடு நிறுத்துங்கள். வழக்கமாக நான்கு கிண்ணம் உண்பவர் மூன்றைக் குறைத்தால் ஒரு வேளையிலேயே சுமார் 360 கலோரி குறைகிறது. பசிக்குமே என்றால், அந்த இடத்தைக் கீரை, கத்தரிக்காய், பயற்றங்காய், பருப்பு, மீன் இவற்றால் நிரப்புங்கள். சுகாதார அமைச்சு "சுக்கு-சுக்கு-செப்பாரோ" என்று சொல்வதும் இதைத்தான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், இறைச்சி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். வெள்ளிக்கிழமை விரதம் இருப்போரும் கவனியுங்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்து மாலையில் பாயசமும் வடையும் சோறுமாக உண்டால் அது குறைத்த நாள் ஆகாது.

குறைப்பதென்றால் சோற்றைத் தொடுமுன் டின்பாலைத் தொடுங்கள். அதில் ஏறக்குறைய பாதி சீனிதான். அது உழைக்கிற நாளுக்கும் வேண்டாம், ஓய்வு நாளுக்கும் வேண்டாம்.

இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள். இன்சுலின் ஊசி போடுவோரும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை விழுங்குவோரும் தாமாகவே சோற்றைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்து மயங்கி விழ நேரலாம். இத்தகையோர் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்ட பிறகே உணவை மாற்ற வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் ஆகியோருக்குச் சோறு குறைக்கும் நாள் என்று ஒன்று வேண்டியதில்லை.

பலன் தெரிகிறதா என்று பார்க்கத் தையற்காரரின் நாடா போதும். மாதம் ஒருமுறை, காலையில், சாப்பிடுமுன், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே வயிற்றைச் சுற்றி அளந்து நாட்காட்டியில் எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், ஒல்லியானவராயினும், சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் காலையில் போவது நல்லது.