நண்டுக்கு வால் இல்லையா?

"நண்டுக்கு வால் இல்லை" என்று ஒருநாள் வகுப்பிலே கூறினேன். தோட்டத்துப் பிள்ளையொருவன் எழுந்து, "இருக்கிறது ஐயா, வயிற்றின் கீழே மடித்து வைத்திருக்கிறது" என்றான். ஆசிரியன் என்ற செருக்கினால் அவனை அமர்த்திவிட்டேன். மறுநாள் அவன் சுது கங்கையிற் சேரும் ஓடையொன்றுக்கு என்னை அழைத்துச் சென்று, நண்டொன்றை மெல்லப் புரட்டிக் காட்டினான். பிழை என்னுடையதே.

வால் என்பதுதான் யாது? நாய்க்கும் பூனைக்கும் குடல் முடிந்த இடத்துக்கு அப்பாற் செல்வதே வால். இறாலுக்கோ அவ்வாறன்று. சமையலுக்குத் துப்புரவாக்கும்போது அதன் முதுகினின்றும் உருவியெடுக்கும் கறுப்பு நரம்பே குடல்; அது "வாலின்" இறுதிவரை ஓடுகின்றது. ஆகவே நாம் வால் எனச் சுவைப்பது அதன் வயிறேயாம். அவ்வயிறு 6 துண்டங்களை உடையது. அதன் கடைசியில் விசிறிபோல் விரியும் இதழ்களின் நடுவே நிற்கும் முனைத்தகட்டை அறிஞர் 'டெல்சன்' என்பர். எல்லை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. இடர் நேர்ந்தால் இறால் வயிற்றைச் சடுதியாக மடக்கி, அவ்விசிறியால் நீரையடித்துப் பின்னோக்கிப் பாயும்.

தேளின் வாலும் வயிற்றின் தொடர்ச்சியே. அதன் 5 துண்டங்களினூடும் குடல் செல்கின்றது. அப்பால் நஞ்சுப்பையும் முள்ளுமாய் நிற்பது டெல்சன். அம்முள்ளையும் நண்டின் முன்கையையும் 'கொடுக்கு' என்ற ஒரே சொல்லாற் குறிக்கின்றோம். ஒன்று முன்னே, மற்றொன்று பின்னே! சொல் ஒன்றாயினும் உறுப்பு வேறு என்பதைக் கண்ணாற் கண்டே தெளிதல் வேண்டும்.

நண்டு அவ்வயிற்றை உடலின்கீழ் மடித்துக்கொண்டது. ஆணுக்கு அது ஒடுங்கியது, பெண்ணுக்கு அகன்றது. அவ்வகன்ற மடிப்பே தாய்க்குத் தொட்டில். நன்னீர் நண்டின் முட்டையினின்றும் நேரே குஞ்சு நண்டுகளே வெளிவரும். கடல் நண்டின் இளமைபோல் நீரில் மிதந்து நெடுந்தொலைவு பரவும் பருவம் அவற்றுக்கில்லை. அதனால் மலைக்கு மலை இனமும் வேறாயிற்று. இலங்கையில் ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்கள் உள; ஏறக்குறைய அனைத்தும் இத்தீவுக்கே உரியவை. அவற்றுட் பல இன்று அழியும் நிலையில் உள்ளன. சிற்றோடையொன்று கெட்டால், வேறெங்கும் இல்லாத ஓரினம் முற்றாக மறைந்துபோகக்கூடும்.

அன்று அப்பிள்ளை புரட்டிய நண்டின் மடிப்பினுள் கடுகளவான குஞ்சுகள் நெளிந்தன. அவன் அதனைக் கல்லின்கீழ்த் திரும்ப விட்டான். அடுத்த வகுப்பில் என் பிழையை மாணவர் அனைவர் முன்னும் திருத்திக்கொண்டேன். ஆசிரியர்காள், நண்டைப் பற்றிக் கற்பிக்குமுன் பிள்ளைகளை ஓடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பார்த்தபின் நண்டை அங்கேயே விட்டுவரவும் பழக்குங்கள்.