ஈ.பி. எப்படி கம்பெனி ஆச்சு?

எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இன்னைக்கும் ‘போர்டுல வேலை’ன்னுதான் சொல்வாங்க. சட்டப்படி அந்த போர்டு 2010-லயே முடிஞ்சுபோச்சு.

தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 ஜூலை 1-ல ஆரம்பிச்சது. அது கம்பெனி இல்லை. 1948-ல வந்த மின்சார வழங்கல் சட்டம்தான் அதுக்கு ஆதாரம்; வாரியத்தில யார் இருக்கணும், என்னென்ன செய்யலாம்னு எல்லாமே அதுலதான். 2003 மின்சாரச் சட்டம் அந்தப் பழைய சட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு. தமிழ்நாடு திரும்பத் திரும்ப அவகாசம் வாங்கி ஏழு வருஷம் ஓட்டுச்சு.

ஒரு கம்பெனி பேரை மாத்தணும்னா பதிவாளர்கிட்ட போகலாம். வாரியத்துக்கு அங்க ஃபைலே கிடையாதே! அதனால முதல்ல கம்பெனிச் சட்டத்தில புதுக் கம்பெனிகளைப் பதிவு பண்ணாங்க. அப்புறம் 2003 சட்டத்தோட 131-வது பிரிவு. வாரியத்தோட சொத்து முதல்ல மாநில அரசுக்குப் போகும், அங்கிருந்து கம்பெனிக்கு வரும். நேரா கை மாறாது. 2010 நவம்பர் 1-ல இது நடந்துச்சு. எண்ணூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் டான்ஜெட்கோவுக்கு, உயர் அழுத்த லைன்கள் டான்டிரான்ஸ்கோவுக்கு. ரெண்டுக்கும் மேல தாய்க் கம்பெனி ஒண்ணு. ஷேர் கடைசியில அரசுகிட்டதான். ஆனா இனிமே இயக்குநர் குழு, வருஷாந்திரக் கணக்கு, பதிவாளர்கிட்ட தாக்கல்னு மத்த கம்பெனிங்களுக்கு உள்ள விதிதான்.

எல்லாரும் இப்படி மாறல. எண்ணூர்ல இருக்கிற காமராஜர் துறைமுகம் 1999-லயே கம்பெனியாப் பிறந்தது. சென்னைத் துறைமுகமோ 2021-ல இன்னொரு தனிச் சட்டத்துக்குள்ளதான் போச்சு. டிரஸ்டுங்கிற பேர் போய் ஆணையம் ஆச்சு. வேடிக்கை என்னன்னா, 2020-ல மத்திய அரசுகிட்ட இருந்த 67 சதவீதப் பங்கை வாங்கி, காமராஜர் துறைமுகத்துக்கு முழு ஓனர் ஆனது இந்தச் சென்னைத் துறைமுகம்தான்.

சரி, பாய்லரைக் காகிதத்தில மாத்தலாம். ஆளுங்களை? மாறின பிறகு பணி நிபந்தனை எதுவும் குறையக் கூடாதுன்னு 133-வது பிரிவு சொல்லுது. ஆனா நஷ்டத்தில ஓடுற கம்பெனிகிட்ட பணம் இல்லைன்னா பென்ஷனை யார் தருவா? தொழிற்சங்கங்கள் அரசோட உத்தரவாதத்தைக் கேட்டது இதுக்குத்தான். என்னைக் கேட்டா, இந்த மாற்றத்திலயே கஷ்டமான கேள்வி இதுதான். எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-ல மூடிட்டாங்க. அங்க உழைச்சவங்களுக்கு மாசாமாசம் பென்ஷன் வந்தாகணும். 2024-ல டான்ஜெட்கோவோட உற்பத்தியையும் பகிர்மானத்தையும் தனித்தனியாப் பிரிச்சப்பவும் அதே கேள்வி திரும்ப வந்துச்சு.