பவளத்தீவின் விருந்தினர்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கிறது பெரும் பவளத்திட்டு. 1981-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்ட இத்திட்டின் தென்கோடியில், பண்டபெர்க் நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், லேடி எலியட் என்னும் சிறு தீவு உண்டு. அதன் பரப்பு ஏறக்குறைய 110 ஏக்கர் மட்டுமே. சிறு விமானங்கள் பயணிகளை அங்குள்ள புல்தரையில் கொண்டு வந்து இறக்குகின்றன.

இன்று மரங்களும் பறவைகளும் நிறைந்து விளங்கும் இத்தீவு, ஒரு காலத்தில் வெறும் பவளத்திடலாகவே கிடந்தது. 1863-ஆம் ஆண்டு முதல் சுமார் பத்தாண்டுகள், பறவை எச்சத்தை உரமாக விற்பதற்காக இங்கு வெட்டியெடுத்தனர். எச்சத்தோடு மேல்மண்ணும் போயிற்று; மண்ணோடு மரங்களும் போயின. நூறாண்டுகளுக்குப் பின், 1969-இல், டான் ஆடம்ஸ் என்பவர் இங்கு விமானத்தளம் அமைத்து, மரக்கன்றுகளை நடத் தொடங்கினார். பின்வந்தோரும் அப்பணியைத் தொடர்ந்தனர். மரங்கள் தழைத்தன, கடற்பறவைகள் மீண்டும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டின. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்த முற்பட்டால் இயற்கை எவ்வளவு தாராளமாக ஒத்துழைக்கிறது என்பதை இங்கு நாம் காண்கிறோம்.

கடலில் இறங்குவோரை வியப்பில் ஆழ்த்துவது மாண்டா திருக்கை. விரிந்த இறக்கைகளுடன் பறவை போல நீந்தும் இப்பெரிய மீனுக்குக் கொட்டும் முள் கிடையாது; நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களே அதன் உணவு. பவளப்பாறைகளின் மேல் அது மெல்ல வட்டமிட, சின்னஞ்சிறு மீன்கள் அதன் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று தூய்மை செய்கின்றன. ஒவ்வொரு திருக்கையின் வயிற்றிலும் உள்ள புள்ளிகள், நம் கைரேகையைப் போலவே, ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. எனவே பயணிகள் எடுக்கும் புகைப்படங்களும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. துரத்திச் செல்பவனை விட்டுத் திருக்கை விலகிவிடும். அசையாது மிதப்பவனின் அருகே அது தானாகவே வருவதுண்டு.

நவம்பர் முதல் மார்ச் வரை பேராமைகளும் பெருந்தலை ஆமைகளும் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு முறைக்குச் சுமார் நூறு முட்டைகள் இடுகின்றன. இரண்டு மாத அளவில் குஞ்சுகள் வெளிவந்து, ஒளி மிகுந்த கடல்வானத்தை நோக்கி ஓடுகின்றன. கரையில் விளக்கொன்று பளிச்சென எரிந்தால் அவை திசை மாறி மடிந்து போகக்கூடும். தாய் ஆமையும் ஒளி கண்டு அஞ்சி, முட்டையிடாமலே திரும்பிவிடும். ஆகவேதான் விளக்கை அணைத்து, ஆமையின் பின்புறமாக, சத்தமின்றி நின்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். நீர் வற்றிய வேளையில் பவளத்திட்டின்மேல் நடப்போரும் மணற்பகுதியிலேயே கால் வைக்க வேண்டும்; ஏனெனில், கல்லைப் போல் தோன்றும் பவளம் உண்மையில் எண்ணற்ற சிற்றுயிர்களின் குடியிருப்பு. ஒரு மிதியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இதனைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. கடல்நீர் மிகையாகச் சூடேறும்போது, பவளம் தன்னுள் வாழ்ந்து தனக்கு உணவளிக்கும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. சூடு நீடித்தால் மடிந்தும் போகிறது. 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரும் பவளத்திட்டு இத்துன்பத்திற்கு உள்ளாயிற்று. கரியும் எண்ணெயும் எரிப்பதால் உலகம் சூடேறுவதே இதற்கு முதற்காரணம். தீவில் எவ்வளவு கவனமாக நடந்தாலும் இவ்வெப்பத்தை அங்கு மட்டும் தடுக்க இயலாது. வீண்விளக்கை அணைப்பதும், சிறு தொலைவை நடந்தே கடப்பதும் நம் இல்லங்களிலேயே தொடங்க வேண்டிய கடமைகளாகும்.

வியந்து பார்க்கக் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கைநீட்டாமல் பார்க்க மட்டும் பெற்றோரே பழக்க வேண்டும். குளக்கரையோ கடற்கரையோ, வீட்டு வேப்பமரத்துக் கூடோ, எதுவாயினும் அப்பழக்கத்தை இன்றே தொடங்கலாம்.