சுருக்கத்தில் அழகு, கண்ணில் ஆபத்து!

நேயர்களே, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை நாய் வளர்க்கும் நம்மவர்கள் ஏராளம். சிலர் முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஷார்பே குட்டியை ஆசையோடு வாங்கி வருகிறார்கள். சில நாளில் கண்ணில் நீர் வழிகிறது. குட்டி கண்ணைத் திறக்க மறுக்கிறது. ‘தூசி விழுந்திருக்கும்’ என்று சும்மா இருந்துவிடுகிறோம். அங்கேதான் தவறு.

இமை உட்புறமாக மடங்கிக்கொள்வதை மருத்துவர்கள் ‘என்ட்ரோப்பியன்’ என்பார்கள். குட்டி கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் முடி கருவிழியை உரசுகிறது. உரசல் புண்ணாகி, புண் தழும்பாகிப் பார்வையே போகலாம்.

ஷார்பே தென்சீனாவின் குவாங்டோங் பகுதி நாய். இந்த இனம் அழியும் நிலைக்கு வந்தபோது, 1973-இல் ஹாங்காங்கின் மட்கோ லோ அமெரிக்க நாய்ப் பிரியர்களிடம் உதவி கேட்டார். இனம் பிழைத்தது, ஆனால் அதிகச் சுருக்கமே அழகு என்று வளர்த்ததில் கண்ணுக்குத் தொல்லையும் வளர்ந்தது. தோலில் ஹயலூரோனிக் அமிலம் அளவுக்கு மீறிச் சேர்வதற்கான மரபணுக் காரணத்தை 2011-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

சரி, அறுவை சிகிச்சை எப்படி? கண் திறந்த சில வாரக் குட்டிக்கு வெட்டு வேண்டாம். இமையை வெளிப்புறமாக இழுத்துத் தற்காலிகத் தையல் போடுவார்கள். முகம் வளர வளரப் பல குட்டிகளுக்கு இதுவே போதும். அவசரப்பட்டுச் சதையை அதிகமாக வெட்டினால், வளர்ந்தபின் இமை வெளிப்புறம் தொங்கிவிடும். முகம் வளர்ந்து முடிந்த பிறகும், அதாவது ஏறக்குறைய ஒரு வயதிலும், மடிப்பு நீடித்தால் இமையோரத்தில் பிறை வடிவில் தோலை அகற்றித் தைப்பார்கள். நாய் சொறிந்துகொள்ளாமல் இருக்கக் கழுத்தில் கூம்புக் காப்பு போடுவது அவசியம்.

வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் மேலும் மோசமாகும். அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் போங்கள். செர்டாங்கில் மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது. வளர்ப்புப் பிராணியை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பது உரிமையாளரின் கடமை என்கிறது நம் நாட்டின் 2015 விலங்கு நலச் சட்டம்.

இன்னொன்று. அறுவை சிகிச்சை இமையைத்தான் திருத்தும், மரபணுவைத் திருத்தாது. எனவே சிகிச்சை பெற்ற நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். குட்டி வாங்கும்போது விலையைக் கேட்கும் முன் தாய் தந்தையின் கண்ணைப் பாருங்கள். வாயில்லா ஜீவன் தன் வலியைச் சொல்லாது. நாம்தான் கவனிக்க வேண்டும்.