கயானாவுக்கு அடித்த எண்ணெய் யோகம்: யாருக்கு எவ்வளவு?

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ள கயானாவின் மக்கள்தொகை சுமார் எட்டு லட்சம். அரிசி, சர்க்கரை, தங்கம், பாக்சைட்டை நம்பியே காலம் தள்ளிய நாடு அது. 2015 மே மாதம், கரையிலிருந்து சுமார் 190 கி.மீ. தள்ளி, ஆழ்கடலில் எக்ஸான்மொபில் நிறுவனம் எண்ணெய் கண்டது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. 2022-ல் மட்டும் நாட்டின் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. இதுவரை கண்டறியப்பட்ட இருப்பு 1,100 கோடி பீப்பாய்களைத் தாண்டும்.

சரி, இதில் கயானாவின் பங்கு என்ன?

எண்ணெய் இருப்பது தெரிந்த பிறகுதான், 2016-ல், எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களுடனான ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதன்படி வருவாயில் 75 சதவீதம் வரை நிறுவனங்கள் தங்கள் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தில்தான் பாதிக்குப் பாதி. ராயல்டி வெறும் 2 சதவீதம். ஆக, செலவுக் கணக்கு தீரும்வரை நூறு ரூபாய்க்கு எண்ணெய் விற்றால் நாட்டுக்குக் கிடைப்பது பதினான்கரை ரூபாய். 2023-ல் வந்த புதிய மாதிரி ஒப்பந்தத்தில் ராயல்டி 10 சதவீதமானது. ஆனால் எண்ணெய் கொட்டும் பழைய வட்டாரத்துக்கு அது பொருந்தாது.

இந்தப் பங்கே பெரும் தொகைதான். சாலைகள், பாலங்கள், மருத்துவமனைகள் எழுகின்றன. பல்கலைக்கழகக் கட்டணம் ரத்தாகிவிட்டது. ஆனால் விலைவாசிக்குச் சம்பளம் ஈடுகொடுக்கவில்லை. 2024-ல் ஆசிரியர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு, எண்ணெய் வருவாயைச் சேர்த்துவைக்கும் நிதியத்திலிருந்து அரசு எடுக்கும் தொகையின் வரம்பு உயர்த்தப்பட்டது. நார்வேயோ தன் எண்ணெய் நிதியத்தின் மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம்தான் எடுப்பது என்று விதி வைத்திருக்கிறது.

சுற்றுச்சூழல் கணக்கு இன்னும் சிக்கலானது. கயானாவின் 85 சதவீத நிலம் காடு. அதைக் காப்பதற்காக நார்வேயிடமிருந்து பணமும் பெற்ற நாடு அது. மக்களில் பெரும்பாலோர் வாழ்வதோ தாழ்வான கடற்கரைப் பட்டையில். தலைநகர் ஜார்ஜ்டவுனைக் கடல் ஏற்றத்திலிருந்து காப்பது ஒரு தடுப்புச்சுவர். எரிபொருள் புகையால் கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் நனையப்போவது அவர்கள் வீடுதான்.

எண்ணெய் கசிந்தால் யார் பொறுப்பு? கசிவுக்கான முழு உத்தரவாதத்தை நிறுவனத்திடமிருந்து பெறாமல் சுற்றுச்சூழல் ஆணையம் கடமை தவறியது என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கண்டித்தது. அடுத்த மாதமே அந்த உத்தரவாதத்துக்கான ஆணையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

கயானா ஏழையாகவில்லை, ஆனால் பேரத்தில் தோற்றது. எண்ணெய் தேடும் மற்ற நாடுகள் முதலில் தேட வேண்டியது கணக்கும் சட்டமும் தெரிந்த வழக்கறிஞர்களைத்தான். துளைபோடும் கருவி அதற்குப் பிறகு வரட்டும்.